வடக்கே உழைப்பு, தெற்கே உல்லாசம்

அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்தில் கேட்ட பேச்சு ஒன்று இன்னும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. உண்டு முடித்து, கை கழுவி, பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்த நேரம். சென்னைக்குத் தெற்கே புதிதாகத் திறக்கப்பட்டிருக்கும் கேளிக்கைப் பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு நாள் போய்வர ஒன்பதாயிரம், பத்தாயிரம் ஆகிவிடுகிறதே என்று ஒருவர் அங்கலாய்த்தார். பக்கத்திலிருந்த வணிகப் பெருமகனார் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வசதி உள்ளவன் போகிறான், இல்லாதவன் வீட்டில் இருக்கட்டும். தங்கம் விலை ஏறிவிட்டதென்று யாரேனும் நகைக்கடைக்காரரை வைகிறார்களா?”

சுற்றியிருந்தோர் நகைத்தனர். அந்நேரம் நானும் வாயடைத்துத்தான் இருந்தேன். விருந்து வீட்டில் வாதாடுவது அழகன்று. ஆனால் வாதம் தீர்ந்துவிட்டதென்று அந்தப் பெருமகனார் எண்ணிவிடக் கூடாது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

நான் கும்மிடிப்பூண்டியில் குடியிருப்பவன். சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளின் புகையைக் காலையில் பார்த்து, இரவில் அதன் ஓசையைக் கேட்டு உறங்குபவன். எங்கள் தெருவில் ஒரு சகோதரர் இருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளி. செங்கனலாகக் கொதித்து வரும் கம்பியின் முன் எட்டு மணி நேரம் நிற்கிறார். மிகைநேர வேலையும் சேர்த்து மாதம் பதினையாயிரம் கைக்கு வந்தால் அது நல்ல மாதம். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. சென்ற ஆண்டு அந்தச் சிறுமியின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. தலைப்பு, ‘கல்விச் சுற்றுலா’. இடம், ஒரு கேளிக்கைப் பூங்கா. கட்டணம், பேருந்துச் செலவு உட்பட 1,800 ரூபாய். கீழே இரண்டு கட்டங்கள்: ‘வர விருப்பம்’, ‘வர விருப்பமில்லை’. ‘வசதியில்லை’ என்றொரு கட்டம் அதில் இல்லை.

அந்தச் சிறுமி தந்தையிடம் படிவத்தைக் காட்டவேயில்லை. இரண்டாவது கட்டத்தில் தானே குறியிட்டு, தாயிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துச் செய்தி தெரிந்த அந்தச் சகோதரர் என் திண்ணையில் வந்து அமர்ந்தார். “கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது கொடுத்திருப்பேன் பாய். கேட்காமலே விட்டாளே, அதுதான் தாங்கவில்லை” என்றார். தங்கத்தோடு இதை ஒப்பிட்ட பெருமகனார் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்? தங்கம் வாங்கவில்லையென்று எந்தப் பள்ளிக்கூடமும் ஒரு பிள்ளையை வகுப்பில் தனியே உட்கார வைப்பதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாய். முன்பதிவுக்குச் சலுகை உண்டு. கல்லூரி மாணவருக்குச் சலுகை உண்டு. உயரம் அளந்து குழந்தைகளுக்கும் சற்றுக் குறைப்பார்கள். சலுகைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஐவருக்கு ஏழாயிரத்துக்கு மேல். சேர்த்துப் பார்த்தாலும் ஆறாயிரத்துக்குக் குறையாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை 46 கிலோமீட்டர். அங்கிருந்து திருப்போரூர் பக்கம் ஏறத்தாழ இன்னும் அவ்வளவு தொலைவு. மூன்று வண்டி மாற வேண்டும். அல்லது வாடகை வண்டி அமர்த்த வேண்டும். இத்தகைய பூங்காக்களில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சோற்றுப் பொட்டலத்துக்கு வாசலிலேயே தடை. உள்ளே விற்பதை உள்ளே விற்கும் விலைக்கே உண்ண வேண்டும். நீர் விளையாட்டுக்கு அவர்கள் சொல்லும் துணியாலான உடை வேண்டும். உடைமைகளை வைக்கப் பெட்டி வாடகை வேண்டும். எங்கள் பெண்கள் உடுத்தும் பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்பதால், அந்தச் செலவு நம் வீடுகளுக்குச் சற்றுக் கூடுதல் என்றே கொள்க.

இதை உழைப்பின் அளவுகோலால் அளந்து பாருங்கள். 2025–26-ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு நுழைவுச் சீட்டு என்பது நாலரை நாள் மண் சுமந்த கூலி. ஐந்து சீட்டு என்பது 22 நாள் கூலி. வண்டிச் சத்தமும் உணவும் இதில் சேரவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இது அரை மாதச் சம்பளம். காலை பத்து மணிக்குள் நுழைந்து மாலைக்குள் வெளியேறும் ஓர் உல்லாசத்துக்கு அரை மாதம்!

பூங்கா நடத்துவோரின் பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்பளிப்பது நேர்மையன்று. ஏறத்தாழ 64 ஏக்கர் நிலம்; 600 கோடிக்கு மேல் முதலீடு; நாற்பதுக்கும் மேற்பட்ட ராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும். தலைகீழாகச் சுழலும் வண்டியில் ஏறும் பிள்ளை பத்திரமாக இறங்க வேண்டுமானால், நாள்தோறும் ஒவ்வொரு திருகையும் சோதிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மலிவாக நடத்துகிறேன் என்று பராமரிப்பில் கைவைக்கும் பூங்காவைவிட, விலை கூட்டி ஒழுங்காக நடத்தும் பூங்காவே மேல் என்று நானே சொல்வேன். வணிகம் ஹலாலானது, இலாபமும் ஹலாலானது. அதில் எனக்குத் தகராறில்லை.

தகராறு அரசோடுதான். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, இத்தகைய பூங்காக்களின் நுழைவுச் சீட்டுக்கு 28 விழுக்காடு வரி விதித்தார்கள். 2018 ஜனவரியில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். சூதாட்ட விடுதிக்கும் குழந்தைகள் ஏறும் ராட்டினத்துக்கும் ஆறு மாத காலம் ஒரே வரி விகிதம் இருந்ததை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். மாநிலத்திலோ உள்ளாட்சிகளுக்குரிய கேளிக்கை வரி ஒன்று இருந்தது. அந்த வரியிலிருந்து விலக்குக் கிடைத்த பிறகுதான் பல்லாண்டு தாமதப்பட்டிருந்த மேற்படி பூங்காவின் வேலை முன்னேறியது. விலக்கு அளித்ததைக் குறை கூறவில்லை. நாலு பேருக்கு வேலை கிடைத்தது நல்லதே. ஆனால் பொதுமக்களுக்குச் சேர வேண்டிய வரியை ஒரு தனியார் பூங்காவுக்காக விட்டுக்கொடுக்க மனம் வந்த அரசுக்கு, அந்தப் பூங்காவின் வாசலைக்கூட மிதிக்க முடியாத குடும்பங்களுக்காக என்ன செய்ய மனம் வந்தது? இதுவே என் கேள்வி.

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். பார்த்தேன். 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி தம் பூங்காவைத் திறந்தபோது பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிட்டால் அந்த ஒரு டாலர் இன்று ஏறத்தாழ பன்னிரண்டு டாலருக்குச் சமம். இன்று நெரிசல் நாட்களில் அதே பூங்காவின் ஒரு நாள் சீட்டு 200 டாலரைத் தாண்டிவிட்டது. பணக்கார நாட்டுத் தொழிலாளியே இன்று பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லக் கடன் அட்டையைத் தேய்க்கிறான். நாம் நடக்கத் தொடங்கியிருக்கும் சாலை எங்கே போய் முடிகிறது என்பதற்கு அது ஒரு வழிகாட்டிக் கல். ஆனால் அங்கே ஒன்று உண்டு. டிஸ்னிக்குப் போக முடியாதவனுக்கு ஊர்தோறும் நகராட்சிப் பூங்காவும் இலவச நூலகமும் இருக்கின்றன. நமக்கு?

நமக்கும் இருந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எங்கள் கும்மிடிப்பூண்டி ரயில் இன்று சென்னையில் எங்கே போய் நிற்கிறது? மூர் மார்க்கெட் வளாகம் என்னும் புறநகர் நிலையத்தில். அந்த மண்ணில்தான் பழைய மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. அதற்குப் பக்கத்திலேயே மிருகக்காட்சிச் சாலை. சென்னைவாசிகள் அதை ‘உயிர் காலேஜ்’ என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வடக்கேயிருந்து வரும் ஏழைக் குடும்பத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பெருநாளைக்கு மறுநாள் ரயிலேறினால், இறங்கின இடத்தில் புலி. பத்தடி நடந்தால் யானை. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், பிள்ளைக்கு ஒரு தகர மோட்டார். கட்டிவந்த புளிச்சோற்றை மரத்தடியில் உண்டு, மாலை வண்டியைப் பிடித்து வீடு திரும்பலாம். என் தந்தையார் என்னை அங்ஙனம் அழைத்துச் சென்றிருக்கிறார். கூண்டுக்குள் உறங்கிய சிங்கத்தைப் பார்த்து, “அத்தா, இது செத்துப்போச்சா?” என்று நான் கேட்டதையும், சிங்கம் கொட்டாவி விட்டதையும் அவர் மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே 1985-இல் அந்தச் சாலை வண்டலூருக்கு மாற்றப்பட்டது. விலங்குகளுக்கு அது விடுதலை. விசாலமான காடு கிடைத்தது. அதில் மறுப்பில்லை. ஆனால் வடக்குப் பகுதி மக்களுக்கு, இறங்கின இடத்திலிருந்த உல்லாசம் இன்னுமொரு முப்பது கிலோமீட்டர் தெற்கே போயிற்று. இன்று வண்டலூரில் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 200 ரூபாய். அதன் பின் வந்தவை எல்லாமும் தெற்கேதான் வந்தன: தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., முட்டுக்காட்டில் அரசின் படகுக் குழாம், இப்போது திருப்போரூர். மேற்கே பூந்தமல்லிக்கு அப்பால் பழஞ்சூரில் ஒரு தனியார் பூங்கா இருப்பதை மறக்கவில்லை. ஆனால் அது கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு அண்டை வீடன்று. வடக்கே வந்தவை எவை? எண்ணூரிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட். நாட்டுக்கு இவை வேண்டும். நாங்கள் சாம்பலைச் சுவாசிக்க ஆட்சேபிக்கவில்லை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதையும்கூட மறந்துவிடுகிறோம். ஆறு நாள் புகைக்குள் நின்ற மனிதன் ஏழாம் நாள் தன் பிள்ளையோடு நிற்க ஒரு மரநிழல் கேட்டால், அதற்கு 90 கிலோமீட்டர் தெற்கே போ, 1,489 ரூபாய் கொண்டு போ என்பது எந்த ஊர் நியாயம்?

“அருகில் ஏரி இருக்கிறதே, பழவேற்காடு இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது என் பேனா தயங்குகிறது.

பழவேற்காடு எத்தகைய ஊர்! இந்தியாவின் உப்பங்கழிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. குளிர்காலத்தில் செங்கால் நாரைகளும் பூநாரைகளும் வந்து இறங்கும் நீர்ப்பரப்பு. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாழ்ந்த துறைமுகம். எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் காணத்தக்கது. சூரியக் கடிகாரம் வைத்த பள்ளிவாசல் அங்கே உண்டு. பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் நம் சமுதாயப் பெண்களின் கைவண்ணம் அங்கே உண்டு. கடல்கடந்து மலாயா, பர்மா என்று நம் முன்னோர் உடுத்திச் சென்ற பளையகாட்டுக் கைலி அவ்வூரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பொன்னேரியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். ஒரு குழந்தைக்கு வரலாறும் பூகோளமும் பறவை நூலும் ஒரே நாளில் கற்பிக்க இதைவிடச் சிறந்த இடம் திருவள்ளூர் மாவட்டத்தில் வேறில்லை.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக வந்த நாள். கும்மிடிப்பூண்டிப் பகுதியிலிருந்து உறவினர்கள் ஒன்றுகூடி அந்த ஏரிக்குப் போனார்கள். மீன்பிடிப் படகில் ஏறினார்கள். உல்லாசச் சவாரிக்குரிய பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் அந்தப் படகில் இல்லை. படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர், பெண்களும் பிள்ளைகளுமாக, நீரில் மூழ்கி இறந்தார்கள். எங்கள் ஊர் அன்றிரவு உறங்கவில்லை. அவர்கள் வறுமையால் அங்கே போனவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அருகில் ஓர் ஏரி இருக்கிறது, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று போனவர்கள். நீங்களும் நானும் போகும் அதே எண்ணத்தோடு போனவர்கள்.

அதற்குப் பிறகு அரசு என்ன செய்தது? படகுச் சவாரிக்குத் தடை விதித்தது. தடை எளிது, ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும். முட்டுக்காட்டில் அரசே படகு விடுகிறதே, மிதவைச் சட்டை கொடுக்கிறதே, பயிற்சி பெற்ற ஆளை நிறுத்துகிறதே, அதைப் பழவேற்காட்டில் அன்றைக்கே செய்திருந்தால் அந்த உயிர்கள் இன்று நம்மிடையே இருந்திருக்கும் அன்றோ? உல்லாசத்துக்கும் ஒழுங்குக்கும் செலவிடத் தெரிந்த அரசு அதைத் தெற்கே மட்டும் ஏன் செலவிடுகிறது? அங்கே கார் வைத்திருப்பவன் போகிறான். இங்கே பேருந்தில் தொங்குபவன் போகிறான். வேறு காரணம் இருந்தால் யாரேனும் எனக்குச் சொல்லட்டும்.

பூண்டி நீர்த்தேக்கத்தின் கதையும் இதுதான், துயரம் மட்டும் இல்லை. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்குத் தலைவர் சத்தியமூர்த்தியின் பெயர். அதனருகே கற்கால மனிதனின் கருவிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. அண்டையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவை பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று பிற்கால ஆய்வு நிறுவியது. உலகத்து அறிஞர்கள் தேடி வரும் மண் அது. நம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களோ ‘கல்விச் சுற்றுலா’ என்று சொல்லிப் பிள்ளைகளை அதைக் கடந்து நீர்ச்சறுக்கில் விளையாட அழைத்துப் போகின்றன. நீர்ச்சறுக்கில் என்ன கல்வி என்று நான் ஒரு தலைமையாசிரியரைக் கேட்டேன். “பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், பெற்றோரும் அதைத்தான் விரும்புகிறார்கள்” என்றார். பெற்றோரில் எத்தனை பேர் விரும்பிக் கொடுத்தார்கள், எத்தனை பேர் வெட்கப்பட்டுக் கொடுத்தார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

பெற்றோராகிய நம்மையும் நான் விட்டுவிடப் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போய்வந்த படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, மாதத் தவணைக்குக் கடன் வாங்கிப் போய்வருகிற குடும்பங்கள் நம்மில் உண்டு. பெருநாளைக்கு உறவினர் வீட்டுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டு, ‘எங்கேயாவது டிக்கெட் எடுத்துப் போனால்தான் விடுமுறை’ என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் நாமே. விலைச்சீட்டு இல்லாத மகிழ்ச்சி மகிழ்ச்சியன்று என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கையின் மீதுதான் பூங்காக்காரர் தம் கட்டணப் பலகையை நட்டு வைத்திருக்கிறார்.

அரசும் அதே பள்ளியில் பயின்றுவிட்டது. 2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் அரசு திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் நுழையப் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 என்று வைத்தார்கள். உள்ளே கம்பியில் தொங்கிச் செல்லும் ‘ஜிப்லைன்’ சவாரிக்கு 250. மக்கள் வரிப்பணத்தில், மக்கள் நிலத்தில் உருவான பூங்கா அது. தனியார் கேட்பதைத் தானும் கேட்பேன் என்று அரசு கிளம்பிவிட்டால், கட்டணம் இல்லாத வாசல் ஏழைக்கு எங்கே மிஞ்சும்?

தொழிலாளிக்கு விடுமுறை என்பது எளிதில் கிட்டும் பொருளன்று. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குக் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்னும் நான்கோடு மேலும் ஐந்தைச் சேர்த்து, ஆண்டுக்கு ஒன்பது நாள் ஊதியத்துடன் விடுமுறை தருகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஒன்பதும் பல இடங்களில் ஏட்டோடு சரி. அரசு ஊழியருக்காவது விடுமுறைப் பயணச் சலுகை என்று ஒன்று உண்டு. உருக்காலைக்காரனுக்கு ரயில் பாஸ்கூடச் சொந்தக் காசு. ஊரெல்லாம் ஒரே நாளில் விடுமுறை எடுப்பதால், அந்த நாளில்தான் பூங்காவின் கட்டணமும் ஏறும், கூட்டமும் ஏறும். அவனுக்குக் கிடைக்கும் ஒன்பது நாளில் ஒன்றை அவன் எங்கே செலவிடுவது?

நாம் கேட்பது பெரிதன்று. பழவேற்காட்டில் அரசே நடத்தும் ஒரு படகுத்துறை. அதில் ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மிதவைச் சட்டை. கட்டணம் ஒரு நாட்கூலியின் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல். விடுமுறை நாட்களில் பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் அங்கே நேர்ப் பேருந்து. பெண்கள் கூச்சமின்றிப் போய்வரச் சுத்தமான கழிப்பறை. இதைச் சொல்ல எழுத்தாளர் எவரும் முன்வருவதில்லை, ஆனால் ஒரு குடும்பம் ஓரிடத்துக்கு மறுமுறை போவதும் போகாததும் இதைப் பொறுத்தே. சிப்காட் வளாகத்தில் இத்தனை ஆலைகள் இருக்கின்றன; சமூகப் பொறுப்பு நிதியென்று சட்டப்படி ஒதுக்கும் பணத்தில் ஆலைகள் கூடி ஒரு குழந்தைகள் பூங்கா அமைக்கட்டும். தொழிலாளியின் பிள்ளை அங்கே ஊஞ்சலாடினால் உற்பத்தி குறைந்துவிடாது. நம் ஜமாஅத்துகளும் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வரி எழுதட்டும்: கல்விச் சுற்றுலா என்றால் கல்வி இருக்கும் இடத்துக்கு, எல்லாப் பிள்ளைகளும் வரக்கூடிய செலவில்.

எங்கள் தெருச் சிறுமி இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு. சென்ற வாரம் மறுபடியும் படிவம் வந்திருக்கிறது. இம்முறை அவள் தந்தை அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டார். இடம் அதே பூங்காதான். கட்டணம் முந்நூறு ரூபாய் கூடியிருக்கிறது. கட்டங்கள் இரண்டுதான். திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள், வருகிற வெள்ளிக்கிழமை.